தங்கும் சரக்கும் தங்காத சரக்கும்

மஞ்சளில் உள்ள குர்குமினைப் பற்றி உலகெங்கும் வெளிவந்திருக்கும் ஆய்வுக் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். புற்றுநோய், மூட்டுவலி, மறதிநோய், சர்க்கரை நோய் என்று அது கைவைக்காத நோய் இல்லை. சோதனைக் குழாயில் எதனோடு சேர்த்தாலும் ஏதோ ஒன்றைத் தடுத்து நிறுத்துகிறது. 2017இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கேத்ரின் நெல்சனும் மைக்கேல் வால்ட்டர்ஸும் உடன் ஆய்வாளர்களும் இந்தக் கட்டுரைக் குவியலைக் கிளறிப் பார்த்து எழுதிய மதிப்பீடு வேறு மாதிரி இருந்தது. அதற்குள் 120க்கு மேற்பட்ட மனிதச் சோதனைகள் நடந்திருந்தன. மருந்து எது, வெற்று மாத்திரை எது என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் நடத்தும் கறாரான ஒப்பீட்டில், குர்குமின் ஐயமற வென்ற ஒரு சோதனையைக்கூட அவர்களால் காட்ட முடியவில்லை.

சோதனைக் குழாயில் வென்றது உடம்பில் தோற்றதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள். குர்குமின் முதலில் ஒரு சாயம். தானே ஒளிரும், புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும், உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். நிற மாற்றத்தையோ ஒளிர்வையோ அளந்து முடிவு சொல்லும் கருவிகளை அந்தச் சாயமே ஏமாற்றிவிடுகிறது. இப்படிப் பொய்ச்சாட்சி சொல்லும் மூலக்கூறுகளுக்கு மருந்து வேதியியலில் தனிப் பட்டியலே இருக்கிறது. இரண்டாவது காரணம் அதன் நிலையாமை. நம் ரத்தத்தின் காரநிலையை ஒத்த கரைசலில் போட்டு வைத்தால் அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துவிடுகிறது. குடல் உறிஞ்சுவது சொற்பம். உறிஞ்சியதையும் குடற்சுவரும் கல்லீரலும் உருமாற்றி வெளியே தள்ளிவிடுகின்றன.

அப்படியானால் தங்க வைத்துப் பார்ப்போமே என்று யோசித்தார்கள். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வொன்று 1998இல் வெளியானது. 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரச் சத்தான பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தால், ரத்தத்தில் சேரும் குர்குமின் இருபது மடங்கு கூடுகிறது என்றது அது. மிளகு கல்லீரலின் வெளியேற்றும் வேலையைத் தற்காலிகமாக மந்தப்படுத்துகிறது. மஞ்சள் மாத்திரை வியாபாரம் இந்த ஒற்றை ஆய்வின் தோளில் ஏறித்தான் ஊர்வலம் போனது. பிறகு வந்த செய்தி அவ்வளவு இனிப்பாக இல்லை. 2019இல் இத்தாலியில் மஞ்சள் மாத்திரை சாப்பிட்டவர்களிடையே கல்லீரல் அழற்சி அடுத்தடுத்துப் பதிவானது. 2022இல் அமெரிக்கக் கல்லீரல் பாதிப்பு ஆய்வுக் குழுவும் இதையே சொன்னது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரிடம் ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருப்பதையும் கண்டது. இதனால் குழம்பில் போடும் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டியதில்லை. மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கிறது, அதுவும் வந்த வேகத்தில் போய்விடுகிறது. வந்த வேகத்தில் போய்விடாதபடி செய்த சரக்கில்தான் வம்பு ஆரம்பித்தது.

தாவரப் பொருள்களைப் பற்றிய பேச்சு நம்மிடையே பெரும்பாலும் பட்டிமன்றத் தலைப்பாகவே முடிகிறது: இயற்கையா, செயற்கையா? ஆய்வு வரலாற்றைப் புரட்டினால் இந்தப் பிரிவினை அதிகம் உதவுவதாகத் தெரியவில்லை. ஒரு பொருள் எவ்வளவு காலம் சிதையாமல் தங்குகிறது, எங்கே போய்த் தங்குகிறது என்ற கேள்விகள்தாம் ஒவ்வொரு இடத்திலும் முடிவைத் தீர்மானித்திருக்கின்றன. உடம்பிலானாலும் வயலிலானாலும் ஓடையிலானாலும் இது பொருந்துகிறது.

இதை மிகத் தெளிவாகக் காட்டுவது ஒரு வெள்ளைப் பூ. அட்ரியாடிக் கடலோரத்து டால்மேஷியாவில் விளைந்த பைரித்ரம் என்ற சாமந்திக் குடும்பத்துப் பூவை உலர்த்திப் பொடித்துப் பூச்சிகளைக் கொல்லப் பயன்படுத்தினார்கள். ஜப்பானில் எய்இசிரோ உயேயாமா என்ற வணிகர் இந்தப் பொடியை 1890இல் ஊதுவத்தியாக உருட்டினார். வத்தி சீக்கிரம் அணைந்துபோகிறதே என்றபோது அதைப் பாம்புபோலச் சுருட்டச் சொன்னவர் அவர் மனைவி யுகி. 1902இல் கடைக்கு வந்த அந்தக் கொசுவத்திச் சுருள்தான் இன்றும் நம் கட்டிலுக்கடியில் புகைகிறது. உள்ளே இருப்பது மட்டும் மாறிவிட்டது. பூவின் சத்தான பைரித்ரின் பூச்சியின் நரம்பைத் தாக்கி நொடியில் சாய்க்கும். ஆனால் வெயில் பட்டால் சில மணி நேரத்தில் வீரியம் போய்விடும். வீட்டுக்குள் உதவிய சரக்கு வயலில் உதவவில்லை. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட்டும் குழுவினரும் பல ஆண்டுகள் உழைத்து அந்த மூலக்கூறின் வெயிலுக்குப் பலவீனமான பகுதிகளை ஒவ்வொன்றாக மாற்றினார்கள். 1973இல் பெர்மெத்ரினும் அடுத்த ஆண்டு டெல்டாமெத்ரினும் பிறந்தன.

இந்தப் பேரப்பிள்ளைகள் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆப்பிரிக்காவில் 2000 முதல் 2015 வரை தவிர்க்கப்பட்ட மலேரியா நோய்ப்பாடுகள் சுமார் 66 கோடி என்றும், அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு இந்த மருந்தில் தோய்த்த கொசுவலைகளே காரணம் என்றும் 2015இல் வெளியான ஒரு பெரிய கணக்கீடு சொல்கிறது. வலையில் தங்கியதால் உயிர் காத்தது. அதே தங்கும் குணத்தோடு ஓடையில் இறங்கியபோது மீன்களுக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் எமனானது. கலிபோர்னியாவில் வீட்டுத் தோட்டங்களுக்கு அடித்த மருந்து மழையோடு ஓடி நகரத்து ஓடைகளின் வண்டலில் படிந்து, அங்கு வாழும் சிறு கணுக்காலிகளைக் கொல்லும் அளவுக்குச் சேர்ந்திருந்ததைக் கண்டறிந்திருக்கிறார்கள்.

புகையிலையின் கதையும் இதே தடத்தில் போகிறது. புகையிலைக் கஷாயம் அடித்து அசுவினியை விரட்டுவது பழைய முறை. நிகோட்டின் கடுமையான நஞ்சு, அடிப்பவருக்கே ஆபத்தானது, ஆனால் நீடிக்காது. அதே நரம்பு வாயிலைக் குறிவைத்து, நீடிக்கும்படி வடிவமைத்த இமிடாகுளோபிரிட் 1991இல் சந்தைக்கு வந்தது. விதையில் பூசினால் செடி முழுவதும் பரவி, பூவின் தேனிலும் மகரந்தத்திலும் ஏறி, தேனீயின் வாய்வரை போய்ச் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகையில் மூன்று மருந்துகளைத் திறந்த வயலில் பயன்படுத்த 2018இல் தடை விதித்தது.

நம் ஊர் வேம்பு இந்த வரிசையில் சேர மறுத்த மரம் என்று சொல்லலாம். ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிஷ் ஷ்முட்டரர் 1959இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை ஒன்று எல்லாப் பச்சையையும் மொட்டையடித்துவிட்டு வேப்ப மரங்களை மட்டும் விட்டுப்போனதைப் பார்த்தார். மேல்நாட்டு ஆய்வுலகம் வேம்பை ஏறிட்டுப் பார்த்தது அதற்குப் பின்தான். இந்தத் துணைக்கண்டத்தில் அதற்கு முன்பே வேலை தொடங்கியிருந்தது. சலீமுஸ்ஸமான் சித்திக்கி 1942இலேயே வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலான கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்துவிட்டார். பூச்சிகளைத் தடுக்கும் முதன்மைச் சரக்கான அசாடிராக்டினை 1968இல் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த்தும் மார்கனும் பிரித்தார்கள். அதன் கட்டமைப்பைச் சரியாக வரையவே 1985 ஆயிற்று. கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லேயின் குழு அதை ஆய்வகத்தில் முழுதாகக் கட்டி முடித்தது 2007இல். இருபத்திரண்டு ஆண்டு வேலை. அவ்வளவு சிக்கலான மூலக்கூறைத் தொழிற்சாலையில் செய்து கட்டுப்படியாகாது. ஆகவே அசாடிராக்டின் இன்றும் வேப்பங்கொட்டையிலிருந்துதான் வருகிறது.

அது பூச்சியைக் கொன்று கீழே போடுவதில்லை. தின்ன விடாது, தோலுரிக்க விடாது, முட்டையிட விடாது. மருந்தடித்த மறுநாள் வயலுக்குப் போகும் விவசாயி புழு இன்னும் நெளிவதைப் பார்த்துவிட்டு உரக்கடைக்கு நடையைக் கட்டிவிடுகிறார். வெயிலில் ஓரிரு நாளில் வீரியமும் போய்விடும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் வேப்பங்கொட்டைக் கரைசலில் இந்தப் பலவீனத்துக்கேற்ற ஒழுங்குகள் இருக்கின்றன: 5 கிலோ பருப்பை இடித்து இரவு முழுக்க ஊற வைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்க வேண்டும். பழைய கொட்டை ஆகாது, பூஞ்சாணம் பிடித்த கொட்டை ஆகவே ஆகாது. இவ்வளவு பக்குவம் கேட்கும் சரக்கு, மூடியைத் திறந்து ஊற்றினால் போதும் என்ற டப்பாவோடு எப்படிப் போட்டியிடும்? சந்தைக் கணக்கில் குறையாகத் தெரியும் இந்த விரைவுச் சிதைவுதான் ஆற்றுக்கும் மண்ணுக்கும் பாதுகாப்பு. நீடிப்பையும் பாதுகாப்பையும் ஒரே புட்டியில் அடைத்துத் தர யாராலும் முடியவில்லை.

வேம்பின் பெரிய வெற்றி, பூச்சி மருந்தாக அல்லாமல் உர மூட்டையில்தான் நடந்தது. அதைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம். யூரியாவை வயலில் போட்டால் அது அமோனியமாகி, மண்ணிலுள்ள பாக்டீரியாக்களால் நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரேட் தண்ணீரோடு இறங்கிக் கிணற்றுக்குப் போகும். இல்லையென்றால் காற்றில்லாத சேற்றில் நைட்ரஸ் ஆக்சைடாகி மேலே போகும். கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பம் கட்டும் வாயு அது. வேம்பின் கசப்புப் பொருள்கள் அந்தப் பாக்டீரியாக்களைச் சிறிது காலம் மந்தப்படுத்துகின்றன என்பதை டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1970களிலேயே காட்டியிருந்தது. நாற்பதாண்டு கழித்து, 2015இல், உள்நாட்டில் உற்பத்தியாகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. டன்னுக்கு அரைக் கிலோவை எட்டாத எண்ணெய் போதும். இங்கே வேம்பு சில வாரங்கள் தங்கினால் போதுமானது. அதற்கு மேல் தங்காமலிருப்பதும் நல்லது. பயிர் குடிக்கும் வேகத்துக்கும் உரம் கரையும் வேகத்துக்கும் இடையிலான இடைவெளியைக் குறைப்பதுதான் அதன் வேலை. விளைச்சல் கூடுவது மிதமாகத்தான், மண்ணுக்கு மண் மாறவும் செய்கிறது. ஆணைக்குப் பின்னால் இன்னொரு கணக்கும் இருந்தது: மானிய யூரியா ஒட்டுப்பலகைப் பசைக்கும் கலப்படப் பாலுக்கும் கடத்தப்படுவது, எண்ணெய் வாடை ஏறினால் குறையும் என்பது.

வேம்பு என்றாலே காப்புரிமைப் போராட்டத்தை நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994இல் ஐரோப்பாவில் பெற்ற காப்புரிமை 2000இல் ரத்தாகி, 2005இல் மேல்முறையீட்டிலும் விழுந்தது. மஞ்சளால் புண் ஆற்றும் அமெரிக்கக் காப்புரிமை அதற்கு முன்பே, 1997இல், இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகத்தின் எதிர்ப்பால் நீக்கப்பட்டது. இரண்டும் நியாயமான வெற்றிகள். ஆனால் அறிவு யாருக்குச் சொந்தம் என்பதற்குத்தான் அவை பதில் சொல்லின. அந்த அறிவு எந்த அளவில், எந்த உடம்பில் சரி என்பது வேறு கேள்வி. 1981இல் மலேசியாவிலிருந்து வந்த மருத்துவ அறிக்கை அந்தக் கேள்வியைத்தான் எழுப்பியது. சளிக்கும் இருமலுக்கும் வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகள் வாந்தி, மயக்கம், வலிப்போடு மருத்துவமனைக்கு வந்தார்கள். கல்லீரலும் மூளையும் பாதிக்கப்பட்டிருந்தன. வயலில் இரண்டு நாளில் சாதுவாகிவிடும் எண்ணெய், பச்சிளங்குழந்தையின் கல்லீரலுக்கு இரண்டு மணி நேரத்தில் செய்யக்கூடியது வேறு. பாட்டி வைத்தியத்தைப் போற்றும் கூட்டங்களில் இந்த அறிக்கையை யாரும் படித்துக் காட்டி நான் கேட்டதில்லை.

மருந்தாக நிலைத்த தாவரப் பொருள்களைப் பார்த்தால் அவற்றில் பல கொடிய நஞ்சுகள் என்பது முதலில் கண்ணில் படும். திருப்பூர் மாவட்டத்து மூலனூர், தாராபுரம் பக்கம் கம்பியில் கொடியேற்றி வளர்க்கும் கண்வலிக் கிழங்கு நம் மாநில மலரான செங்காந்தள்தான். பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டு வைத்து, காய்த்த விதையை ஏற்றுமதிக்குக் கொடுக்கிறார்கள். விதையிலுள்ள கொல்கிசினுக்காகவே இவ்வளவு பாடும். அதே கிழங்கைத் தின்று உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் கணக்கு தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நச்சு மருத்துவ நூல்களில் நீளமாக இருக்கிறது. மூட்டில் உப்பு சேரும் கௌட் வலிக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்ட கொல்கிசினை இதய நோய்க்குச் சோதித்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் 5,522 பேரிடம் நடந்து 2020இல் வெளியான சோதனையில், நாளுக்கு அரை மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு முதலிய ஆபத்துகள் 31 சதவீதம் குறைந்தன. 2023இல் அமெரிக்கா அனுமதியும் கொடுத்தது. 2024இல், மாரடைப்பு வந்த உடனேயே தொடங்கிப் பார்த்த 7,000 பேர் சோதனையிலோ பலன் தெரியவில்லை. தாவர மருந்து ஆய்வு ஒழுங்காக நடந்தால் இப்படித்தான் இருக்கும்: அளவு தெரியும், யாருக்கு என்று தெரியும், யாருக்குப் பலிக்கவில்லை என்பதும் அச்சில் வரும்.

நம் வீட்டு வேலியோரத்து நித்தியகல்யாணியும் அப்படியே. தென்மாவட்ட மானாவாரி நிலங்களில் பயிராகி ஏற்றுமதியாகும் அந்தச் செடியிலிருந்து வின்கிரிஸ்டின் ஒரு கிராம் எடுக்க உலர்ந்த இலை சுமார் 500 கிலோ வேண்டும். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் வைத்தியத்தையே 1960களில் புரட்டிப்போட்ட மருந்து அது. சிரை வழி செலுத்தினால் உயிர் காக்கும், தவறித் தண்டுவடத்தில் செலுத்தினால் உயிர் போகும். இலையைக் கசக்கிக் குடித்தால் புற்றுநோய் தீரும் என்று சொல்பவர்கள் அந்த 500 கிலோவை ஒருமுறை மனத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

சீனத்தின் து யூயூ மலேரியாவுக்குக் கண்டெடுத்த ஆர்ட்டிமிசினின் மறுபடி நம்மைத் தங்காமைக்கே கொண்டுவருகிறது. நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கோ ஹோங், அந்தச் சரக்குள்ள செடியைத் தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தார். கொதிக்க வைக்கச் சொல்லவில்லை. சூடுதான் சரக்கைக் கெடுக்கிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு வடித்தார் து யூயூ. 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. உடம்பில் சில மணி நேரமே நிற்கும் அந்த மருந்து கிருமிகளை வேகமாகக் கொன்று, மிச்சத்தை விட்டுவிட்டுப் போய்விடும். மிஞ்சியவை மறுபடி பெருகும். அதனால் நீண்ட நேரம் தங்கும் இன்னொரு மருந்தோடு சேர்த்தே கொடுக்க வேண்டும் என்றும், தனி ஆர்ட்டிமிசினின் மாத்திரையை நிறுத்த வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2006இல் வற்புறுத்தியது. செடியைத் தேநீராகக் குடிப்பதையும் அது ஏற்பதில்லை. தேநீரில் மருந்தளவு குறைவு, நிலையில்லாதது. அரைகுறையாக அடிபட்ட கிருமி எதிர்ப்பாற்றலைப் பழகிக்கொள்ளும். மேற்குக் கம்போடியாவில் அந்த எதிர்ப்பாற்றல் தலைகாட்டியதும் உண்மை.

நிலவேம்புக் குடிநீரை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. டெங்கு பரவிய ஆண்டுகளில் அரசே வீதி வீதியாக ஊற்றிய அந்த ஒன்பது சரக்குக் கலவையைக் குறித்து 2017இல் பெரிய வாய்ச்சண்டை நடந்தது. ஒரு தரப்பு மரபை அவமதிக்கிறார்கள் என்றது, இன்னொரு தரப்பு மூடநம்பிக்கை என்றது. நிலவேம்பின் முதன்மைச் சரக்கான ஆண்ட்ரோகிராஃபோலைடு தண்ணீரில் எளிதில் கரையாது, குடலிலும் அதிகம் ஏறாது. கஷாயத்தில் அது எவ்வளவு இறங்குகிறது, ரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்பதிலிருந்து அந்தச் சண்டை தொடங்கியிருந்தால் உருப்படியாக ஏதாவது மிஞ்சியிருக்கும். நிலவேம்பு சேர்ந்த மருந்துகளால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வந்ததை ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பதிவு செய்திருக்கிறது என்பதும் அன்று யார் வாயிலும் வரவில்லை.

உடம்பை விட்டுத் தண்ணீருக்கு வருவோம். தாவரச் சரக்கு அதிகம் பிரிக்கப்படாமல், அதிகம் மாற்றப்படாமல் தன் வேலையைச் செய்வது இங்கேதான். கலங்கல் நீர்ப் பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரைத்துத் தெளிய வைப்பது நம்மிடையே பழைய வழக்கம். (எட்டி மரத்தின் நெருங்கிய உறவு அந்தத் தேற்றா மரம், ஒரே குடும்பத்தில் ஒன்று தண்ணீரைத் தெளிய வைக்கிறது, மற்றொன்றின் கொட்டை ஆளைக் கொல்கிறது.) நைல் நதிக்கரையில் சூடானியப் பெண்கள் கலங்கலைத் தெளிவிக்கத் தாவரப் பொருள்களைக் கையாள்வதை 1970களிலிருந்து ஆராய்ந்த சாமியா அல் அஸ்ஹரியா யான் என்ற ஜெர்மானிய அறிவியலாளர், முருங்கை விதையின் திறனை உலகுக்கு எடுத்துச் சொன்னார். விதையில் நேர்மின்னேற்றமுள்ள சிறு புரதம் ஒன்று இருக்கிறது. கலங்கலில் மிதக்கும் களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. இரண்டும் ஒட்டித் திரண்டு அடியில் படிகின்றன. படியும்போது பாக்டீரியாக்களில் பெரும்பகுதியையும் இழுத்துக்கொண்டு போகின்றன. படிகாரம் செய்யும் வேலைதான். நல்ல கலங்கலில் நன்றாகவும் லேசான கலங்கலில் சுமாராகவும் செய்யும்.

இதிலும் ஒரு சிக்கல். விதைப் பொடியோடு வந்த மற்றச் சத்துகள் தண்ணீரிலேயே தங்கிவிடுகின்றன. எஞ்சிய பாக்டீரியாக்களுக்கு அது விருந்து. ஒருநாள் வைத்திருந்தால் தெளிந்த தண்ணீரில் கிருமி மறுபடி பெருகும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபானி வெலிகோல் குழுவினர் இதற்குக் கண்ட வழி எளிமையானது: விதைச் சாற்றை மணலில் ஊற்றினால் புரதம் மணலில் ஒட்டிக்கொள்ளும், மீதியைக் கழுவி ஊற்றிவிட்டு அந்த மணலில் தண்ணீரை வடிகட்டலாம். தங்க வேண்டியதை மட்டும் தங்க வைத்து, தங்கக்கூடாததை வெளியேற்றும் இந்த வேலை ஆய்வகப் பகட்டு எதுவும் இல்லாமல் நடந்திருக்கிறது. எனக்குப் பிடித்த ஆய்வுகளில் இது ஒன்று.

பிடிக்காதவையும் உண்டு. வாழைத்தோல், புளியங்கொட்டை, நிலக்கடலைத் தோல், வேப்பிலை என்று எதைப் பொடித்துப் போட்டாலும் சாயத் தண்ணீர் வெளுக்கிறது என்று சொல்லும் கட்டுரைகள் நம் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் குவிகின்றன. பெரும்பாலானவை மெத்திலீன் நீலத்தைக் குவளையில் கலக்கி, குலுக்கி, வரைபடம் போட்டு முடிபவை. வெளுப்பது நிஜம். ஆனால் சாயம் எங்கே போயிற்று? பொடியில் இருக்கிறது. அந்தப் பொடியை எங்கே கொட்டுவது என்ற கேள்வி வரும் முன்பே கட்டுரை முடிந்துவிடும். திருப்பூரின் துயரம் நிறம் மட்டுமாக இருந்ததும் இல்லை. சாயமேற்றப் போடும் உப்புதான் நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கிணறுகளையும் கெடுத்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோதும் பிரச்சினையின் அடியில் இருந்தது அந்த உப்புதான். எந்த வாழைத்தோலும் உப்பைப் பிடிக்காது. சவ்வும் ஆவியாக்கிகளும் கொண்டு அங்கே இன்று உப்பைப் பிரித்தெடுக்கிறார்கள், பெரும் செலவில்.

தாவரப் பொருளால் நீரைச் சுத்தம் செய்து உண்மையிலேயே உலகச் சந்தையைப் பிடித்தது தேங்காய்த் தொட்டி. சிரட்டை, கொட்டாங்குச்சி என்று ஊருக்கொரு பெயர் அதற்கு. காற்றைக் குறைத்துக் கரியாக்கி, பிறகு 900 டிகிரி அளவில் நீராவி செலுத்தினால் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் திறக்கின்றன. ஒரு கிராம் கரியின் உட்பரப்பு ஆயிரம் சதுர மீட்டர் வரும். வீட்டுக் குடிநீர்க் கருவியில் குளோரின் வாடையைப் போக்குவதும் தங்கச் சுரங்கத்தில் சயனைடு கரைசலிலிருந்து பொன்னைப் பிடிப்பதும் இந்தக் கரிதான். இலங்கையும் தமிழ்நாடும் இதை ஏற்றுமதி செய்கின்றன. இங்கே எந்த மூலிகைச் சத்தும் இல்லை. சிதையாமல் நிற்கும் வெறும் கார்பன் கூடுதான் சரக்கு. அந்தக் கரியைச் சுடும் குழிகளால் புகையும் கரித்தண்ணீரும் வந்து கிணறு கெடுகிறது என்று காங்கேயம், பல்லடம் வட்டாரத்தில் விவசாயிகள் போராடியதையும் சேர்த்துத்தான் இதன் கணக்கை எழுத வேண்டும். தொலைதூரத்து வீட்டின் குடிநீரைச் சுத்தம் செய்யும் பொருள் பக்கத்து ஊர்க் கிணற்றைக் கெடுக்கிறதென்றால், அதை ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தில் காண முடியாது.

இதுவரை சொன்னதிலிருந்து, தாவரச் சரக்கு தானாகவே சிதைந்து போய்விடும், மனிதன் மாற்றியமைத்தால்தான் தங்கும் என்று யாராவது சட்டம் போட்டுக்கொண்டால் அதை உடைக்க அரிஸ்டோலோகிக் அமிலம் போதும். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரத்து உடல் இளைப்பு மருத்துவமனை ஒன்றில் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்து வந்தார்கள். எண்ணிக்கை நூறைத் தாண்டியது. ஒரு மூலிகைக்குப் பதிலாகப் பெயர் ஒத்த வேறொரு மூலிகை கலந்திருந்தது. அதில் இந்த அமிலம் இருந்தது. டான்யூப் ஆற்றின் துணையாறுகளை ஒட்டிய செர்பிய, குரோஷிய, பல்கேரியக் கிராமங்களில் 1950களிலிருந்து காரணம் புரியாமலிருந்த சிறுநீரக நோய்க்கும் விடை இங்கேதான் கிடைத்தது. கோதுமை வயல்களில் களையாக வளர்ந்த அரிஸ்டோலோகியாவின் விதை அறுவடையில் கலந்து ரொட்டி மாவுக்குள் போயிருந்தது. இவிச் என்ற ஆய்வாளர் 1969லேயே இதைச் சொல்லிவிட்டார். உலகம் ஒப்புக்கொள்ள 2007 ஆனது. இந்த அமிலம் சிறுநீரகச் செல்களின் மரபணுவோடு ஒட்டிக்கொண்டு பல்லாண்டுகள் நீங்காமல் இருக்கிறது, அதன் தடயம் புற்றுக்கட்டிகளில் கைரேகைபோலத் தனித்துத் தெரிகிறது. ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வான் சான் குழுவினர் செர்பிய வயல்களில் ஆராய்ந்தபோது, செடி மக்கிய பிறகும் அமிலம் மண்ணில் சிதையாமல் நிற்பதையும் அங்கிருந்து கோதுமையும் மக்காச்சோளமும் அதை வேர்வழி உறிஞ்சுவதையும் கண்டார்கள். உடம்பிலும் தங்குகிறது, மண்ணிலும் தங்குகிறது. எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்படாத, முற்றிலும் இயற்கையான பொருள்.

தைவான் 2003இல் இந்த அமிலமுள்ள மூலிகைகளைத் தடை செய்தது. அதற்கு முன் அங்கே மூன்றில் ஒருவருக்காவது மருத்துவர் சீட்டின் வழியாகவே அவை போய்ச் சேர்ந்திருந்தன. மேல் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் இடங்களில் ஒன்றாகத் தைவான் ஆனதற்கு அது முக்கியக் காரணம். தடை போட்ட மறுநாளே அந்த நோய் குறைந்துவிடவில்லை. குறையப் பல ஆண்டுகள் பிடித்தன. நம் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் இதே இனத்துச் செடிகள், இரண்டிலும் இதே அமிலம் உண்டு. நாட்டு மருந்துக் கடைகளில் பொடியாகவும் கிடைக்கின்றன. சுத்தி செய்தால் நஞ்சு போய்விடும் என்கிறார்கள். சுத்தி செய்வதற்கு முன்னும் பின்னும் அமிலத்தின் அளவை அளந்து பொட்டலத்தில் அச்சிடுவது எந்த நல்ல ஆய்வகத்துக்கும் ஒருநாள் வேலை, அச்சிடட்டும். அதுவரை இவற்றை உள்ளுக்குக் கொடுப்பதை நிறுத்தி வைக்கச் சொல்வதற்குப் புதிய ஆய்வு எதுவும் தேவையில்லை. பிரஸ்ஸல்ஸும் தைவானும் போதும்.